இங்கிலாந்துக் கால்பந்து ரசிகர்களின் வாய்ச்சண்டைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்துக் கால்பந்தைத் தொலைக்காட்சியில் தொடர்ந்து பார்த்து வருபவர்களுக்குக்கூட, அந்நாட்டு ரசிகர்கள் ஒருவரையொருவர் எதைச் சொல்லிச் சீண்டிக்கொள்கிறார்கள் என்பது எளிதில் பிடிபடுவதில்லை. அவர்கள் வீசும் கேலிச்சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஓர் ஆண்டோ, ஓர் ஆட்டமோ, ஒரு பழைய புள்ளிப்பட்டியலோ ஒளிந்திருக்கும். அதை அறியாதவருக்குக் கேலியும் விளங்காது, அதற்கு வரும் பதிலடியும் விளங்காது. புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே தரப்படுகின்றன.

லிவர்பூலுக்கும் மான்செஸ்டர் யுனைடெடுக்கும் இடையிலான பகை கால்பந்தால் மட்டும் வந்ததா?

இல்லை. இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான் தொலைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டர் ஆலைகளுக்கு வேண்டிய பஞ்சு லிவர்பூல் துறைமுகத்தில் இறங்கி, அங்கே கட்டணம் செலுத்தப்பட்ட பிறகுதான் உள்நாட்டுக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கட்டணம் அநியாயமானது என்று கருதிய மான்செஸ்டர் வணிகர்கள், கடற்கப்பல்கள் நேரே தங்கள் ஊருக்கே வந்து நிற்கும்படி 58 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கால்வாயை வெட்டி 1894இல் திறந்தார்கள். லிவர்பூல் துறைமுகத்தின் வருமானத்தில் கைவைத்த அந்தக் கால்வாயின் கசப்பு, அப்போதுதான் வேரூன்றிக்கொண்டிருந்த கால்பந்துக்கும் தொற்றிக்கொண்டது. யுனைடெட், அதே நகரத்தின் மான்செஸ்டர் சிட்டி ஆகிய இரு கிளப்புகளின் சின்னத்திலும் உள்ள கப்பல் அந்தக் கால்வாயைக் குறிக்கிறது என்று பலரும் அடித்துச் சொல்வார்கள். ஆனால் மான்செஸ்டர் நகரச் சின்னத்தில் அந்தக் கப்பல் 1842இலேயே இடம்பெற்றுவிட்டது.

களத்துக் கணக்கு தனி. 1990இல் லிவர்பூல் 18 லீக் பட்டங்களை வைத்திருந்தது. யுனைடெடிடம் இருந்தவை 7. லிவர்பூலை அந்த உச்சாணிக்கொம்பிலிருந்து இறக்குவதே தமக்கு முன் இருந்த பெரிய சவால் என்று சொன்ன யுனைடெட் மேலாளர் அலெக்ஸ் பெர்குசன், 2011இல் 19ஆவது பட்டத்தையும் 2013இல் 20ஆவது பட்டத்தையும் வென்று கொடுத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். லிவர்பூலோ அடுத்த பட்டத்துக்கு 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த முப்பது ஆண்டுகளும் யுனைடெட் ரசிகர்களுக்குக் கேலியில் பஞ்சமே இருக்கவில்லை. 2025இல் லிவர்பூலும் இருபதை எட்டியதால் அந்தக் கணக்கு சமமாகிவிட்டது. ஐரோப்பியக் கோப்பையில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கை இப்போது லிவர்பூல் ரசிகர்கள் எடுத்து நீட்டுகிறார்கள்.

1964இல் பில் சிஸ்னல் யுனைடெடிலிருந்து லிவர்பூலுக்குச் சென்ற பிறகு, இவ்விரு கிளப்புகளும் ஒருவருக்கொருவர் நேரடியாக ஒரு வீரரைக்கூட விற்றுக்கொண்டதில்லை. அதற்காக இவர்கள் ஒத்துழைத்ததே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. 1915 ஏப்ரலில் இரு அணிகளையும் சேர்ந்த சில வீரர்கள் கூடிப் பேசி, யுனைடெட் 2–0 என்று வெல்லும் என்று பந்தயம் கட்டி, ஆட்டத்தையும் அப்படியே முடித்துவைத்தார்கள். யுனைடெடின் மூவரும் லிவர்பூலின் நால்வரும் தடை செய்யப்பட்டார்கள். அந்த வெற்றியின் புள்ளிகளால்தான் யுனைடெட் அந்தப் பருவத்தில் கீழ்ப்பிரிவுக்கு விழாமல் தப்பியது என்பதை இரு தரப்பு ரசிகர்களும் அதிகம் நினைவூட்டுவதில்லை.

யுனைடெட் கிளப் மான்செஸ்டரிலேயே இல்லை என்று சிட்டி ரசிகர்கள் சொல்வது உண்மையா?

நிர்வாக எல்லைப்படி உண்மைதான். யுனைடெடின் ஓல்ட் டிராஃபோர்டு அரங்கம் மான்செஸ்டர் மாநகர எல்லைக்குச் சற்று வெளியே, டிராஃபோர்டு என்ற தனி நிர்வாகப் பகுதியில் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கோப்பை எதையும் கண்ணில் காணாத சிட்டி ரசிகர்களுக்கு இந்த எல்லைக்கோடுதான் ஆறுதலாக இருந்தது. 2009இல் யுனைடெடை விட்டு சிட்டிக்கு வந்த கார்லோஸ் தெவேஸின் படத்தைப் போட்டு, மான்செஸ்டருக்கு நல்வரவு என்று நகர மையத்தில் நீலநிறப் பெரும் விளம்பரப் பலகை ஒன்று வைக்கப்பட்டது. பெர்குசன் எரிச்சலடைந்து சிட்டியைச் சத்தம் போடும் பக்கத்து வீட்டுக்காரர் என்று வருணித்தார். விளம்பரம் வைத்தவர்களுக்கு அதைவிடப் பெரிய வெற்றி கிடைத்திருக்க முடியாது.

யுனைடெட் ரசிகர்களிடமும் ஒரு பலகை இருந்தது. சிட்டி கடைசியாகக் கோப்பை வென்ற 1976க்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் உருண்டோடின என்பதைக் காட்டும் பதாகை ஒன்றை ஓல்ட் டிராஃபோர்டின் ஸ்ட்ரெட்ஃபோர்டு எண்டு பகுதியில் தொங்கவிட்டு, ஆண்டுதோறும் எண்ணை மாற்றிக்கொண்டே வந்தார்கள். 2011 மே 14ஆம் தேதி யுனைடெட் தன் 19ஆவது லீக் பட்டத்தை உறுதி செய்தது. அதே நாளில் சிட்டி, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் நடத்தும் எஃப்.ஏ. கோப்பையை வென்றது. 35 என்ற எண்ணோடு அந்தப் பதாகையைக் கழற்ற வேண்டியதாயிற்று. லிவர்பூலை முந்திய நாளிலேயே உள்ளூர்க் கேலி ஒன்று கைவிட்டுப் போன விசித்திரத்தை யுனைடெட் ரசிகர்களே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு.

அடுத்த ஆண்டு நடந்ததை மட்டும் அவர்கள் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை. 2012 மே 13 அன்று சண்டர்லாந்தில் தங்கள் ஆட்டத்தை வென்று முடித்து, பட்டம் கைக்கு வந்துவிட்டது என்று யுனைடெட் வீரர்கள் களத்தில் நின்றுகொண்டிருந்தபோது, சிட்டிக்காக செர்ஜியோ அகுவேரோ 93 நிமிடம் 20 நொடியில் அடித்த கோல் கோல் வித்தியாசத்தில் பட்டத்தைப் பறித்துச் சென்றது. அந்தச் செய்தி எட்டியதும் தங்கள் அணி அப்போதுதான் தோற்றிருந்ததையும் மறந்து சண்டர்லாந்து ரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். அடுத்தவர் வீழ்ச்சியில் கிடைக்கும் இந்த இன்பம் இங்கிலாந்து ரசிகர்களின் இயல்பில் ஊறியது.

ஆர்சனல் தங்கள் இடத்தைத் திருடிக்கொண்டது என்று டாட்டன்ஹாம் ரசிகர்கள் எதைச் சொல்கிறார்கள்?

இரண்டு திருட்டுகளைச் சொல்கிறார்கள். முதலாவது, ஊர். ஆர்சனல் முதலில் தேம்ஸ் நதிக்குத் தெற்கே வூல்விச் பகுதியின் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கிளப். கூட்டம் சேராமல் நொடித்துப்போன நிலையில், அது 1913இல் நதியைத் தாண்டி, டாட்டன்ஹாம் தன் எல்லையாகக் கருதிய வட லண்டனின் ஹைபரிக்குக் குடிபெயர்ந்தது.

இரண்டாவது திருட்டுதான் இன்னும் ஆறாத புண். முதல் உலகப்போருக்குப் பின் 1919இல் லீகின் உச்ச அடுக்கான முதல் பிரிவு 20 அணிகளிலிருந்து 22 அணிகளாக விரிவாக்கப்பட்டது. 1915இல் கடைசி இரு இடங்களில் இருந்த செல்சியும் டாட்டன்ஹாமும் அப்படியே தக்கவைக்கப்படும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். மேலே சொன்ன 1915 யுனைடெட்–லிவர்பூல் சூதாட்ட ஆட்டத்தால் பாதிக்கப்பட்ட செல்சிக்கு இடம் கிடைத்தது. எஞ்சிய இடத்துக்கு வாக்கெடுப்பு வைக்கப்பட்டது. இரண்டாம் பிரிவில் முதல் நான்கு இடங்களுக்குள்கூட வராத ஆர்சனலுக்கு 18 வாக்குகளும் டாட்டன்ஹாமுக்கு 8 வாக்குகளும் விழுந்தன. ஆர்சனல் தலைவர் ஹென்றி நோரிஸ் திரைமறைவில் காய் நகர்த்தினார் என்பது நூறாண்டுக் குற்றச்சாட்டு. அதற்கு உறுதியான ஆவணச் சான்று வெளிவந்ததில்லை. டாட்டன்ஹாம் மறு பருவத்திலேயே இரண்டாம் பிரிவை வென்று மேலே வந்துவிட்டது. ஆர்சனல் அன்று தொட்டு ஒருமுறைகூடக் கீழே இறங்கவில்லை. ஆர்சனல் ரசிகர் தங்கள் நீண்ட முதல்பிரிவு வாழ்வைப் பெருமையாகச் சொன்னால், டாட்டன்ஹாம் ரசிகர் 1919 என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்லி வாயை மூடிவிடுவார்.

அதன்பிறகு சேர்ந்த கணக்குகளில் கை ஓங்கியிருப்பது ஆர்சனலுக்குத்தான். 1971இலும் 2004இலும் டாட்டன்ஹாமின் சொந்த அரங்கிலேயே ஆர்சனல் லீக் பட்டத்தை உறுதி செய்தது. 2001இல் டாட்டன்ஹாமின் அணித்தலைவராக ஆடிய சோல் கேம்பல் ஒப்பந்தம் முடிந்ததும் ஒரு காசு வாங்கித் தராமல் ஆர்சனலுக்குப் போனார். டாட்டன்ஹாம் அரங்கில் அவருக்கு யூதாஸ் என்ற பெயர் நிலைத்தது. 1996 முதல் 2016 வரை ஒவ்வொரு பருவத்திலும் ஆர்சனலே மேலே முடித்தது. டாட்டன்ஹாம் இனி எட்டிப் பிடிக்கவே முடியாது என்று கணக்கு உறுதியாகும் நாளைப் புனித டாட்டரிங்ஹாம் திருநாள் என்று ஆர்சனல் ரசிகர்கள் கொண்டாடத் தொடங்கியது இதனால்தான்.

லசானியா என்ற இத்தாலிய உணவின் பெயரைச் சொன்னாலே டாட்டன்ஹாம் ரசிகர்கள் ஏன் முகம் சுளிக்கிறார்கள்?

2006 மே 7, பருவத்தின் கடைசி நாள். வெஸ்ட் ஹாமை வென்றால் டாட்டன்ஹாம் நான்காம் இடத்தைப் பிடித்து ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீகுக்குள் நுழைந்துவிடும். முந்தைய இரவு விடுதியில் சாப்பிட்ட வீரர்களில் பலர் விடிவதற்குள் வயிறு கலங்கிப் படுத்துவிட்டார்கள். ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கேட்டும் பலிக்கவில்லை. 2–1 என்று தோற்றார்கள். ஹைபரியில் தன் கடைசி ஆட்டத்தை ஆடிய ஆர்சனல், தியரி ஹென்றியின் மூன்று கோல்களோடு வென்று அந்த நான்காம் இடத்தைத் தட்டிச் சென்றது. பழி லசானியாமீது விழுந்தது. பின்னர் நடந்த சோதனைகள் ஒரு தொற்றுக்கிருமியைக் காட்டி, உணவைக் குற்றமற்றதாக்கின. ஆனால் கிருமியைச் சொல்லிக் கேலி செய்வதில் சுவையில்லை என்பதால் லசானியாவே வரலாற்றில் நின்றுவிட்டது.

சொந்த அணி தோற்றதற்கே டாட்டன்ஹாம் ரசிகர்கள் மகிழ்ந்தார்கள் என்பது எப்படி?

2024 மே 14 அன்று அப்படித்தான் நடந்தது. டாட்டன்ஹாம் தன் அரங்கில் சிட்டியை எதிர்கொண்டது. சிட்டி சறுக்கினால் லீக் பட்டம் ஆர்சனலின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். டாட்டன்ஹாமுக்கோ நான்காம் இடத்துக்கான கடைசி நம்பிக்கை இந்த ஆட்டத்தில்தான் இருந்தது. அப்படியிருந்தும் எர்லிங் ஹாலண்ட் சிட்டிக்காகக் கோல் அடித்தபோது, அரங்கின் பல பகுதிகளில் உள்ளூர் ரசிகர்களே ஆரவாரித்து ஆடினார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் சான் ஹியூங்-மின் தனியாகக் கோல்காப்பாளரை நோக்கிப் பாய்ந்து அடித்த பந்து தடுக்கப்பட்டபோது, நிம்மதிப் பெருமூச்சுவிட்டவர்களில் வெள்ளைச் சட்டை அணிந்த டாட்டன்ஹாம் ரசிகர்களும் இருந்தார்கள். சிட்டி 2–0 என்று வென்று, பருவ முடிவில் ஆர்சனலை இரண்டு புள்ளிகளால் முந்திப் பட்டம் பெற்றது. கிளப்பின் அடித்தளமே பலவீனமாக இருக்கிறது என்று பயிற்சியாளர் ஆஞ்ச் போஸ்டெகோக்லு அன்றிரவு வெளிப்படையாகக் கோபப்பட்டார். ஆட்டத்தை ஆட்டமாக மட்டும் பார்க்கும் பயிற்சியாளர் பக்கமே நியாயம் இருந்தது. ஆனால் 1919 அவருக்கு நடந்ததல்ல.

பதினேழாம் இடத்தில் முடித்த அணி கோப்பை வென்றதைக் கேலி செய்வதா, பாராட்டுவதா?

ரசிகர்கள் இரண்டையும் செய்தார்கள். 2024–25 பருவத்தில் டாட்டன்ஹாம் லீகில் 22 ஆட்டங்களில் தோற்று, கீழ்ப்பிரிவுக்கு இறங்கும் மூன்று இடங்களுக்கு நேர் மேலே 17ஆவதாக முடித்தது. ஆனால் 2025 மே 21 அன்று பில்பாவோவில் நடந்த யூரோப்பா லீக் இறுதியாட்டத்தில், பிரென்னன் ஜான்சனின் ஒரே கோலால் அதே பருவத்தில் 15ஆவதாக முடித்த யுனைடெடை வென்று, 17 ஆண்டுக் கோப்பை வறட்சியை முடித்துக்கொண்டது. தம் இரண்டாவது ஆண்டில் எப்போதுமே கோப்பை வெல்வேன் என்று பருவத் தொடக்கத்தில் சொல்லிக் கேலிக்கு ஆளான போஸ்டெகோக்லு சொன்னதைச் செய்து காட்டினார். பதினாறு நாள் கழித்து அவர் பதவி நீக்கப்பட்டார். இரண்டாம் இடத்தில் முடித்து எதையும் வெல்லாத ஆர்சனல் மேலா, பதினேழாம் இடத்தில் முடித்துக் கோப்பை வென்ற டாட்டன்ஹாம் மேலா என்ற வழக்கு அந்தக் கோடை முழுவதும் வட லண்டனில் தீர்ப்பின்றி நடந்தது.

எவர்ட்டன், லிவர்பூல் ரசிகர்கள் மட்டும் ஏன் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள்?

அது பங்காளிச் சண்டை. ஒரே குடும்பத்தில் அண்ணன் எவர்ட்டனின் நீலம், தம்பி லிவர்பூலின் சிவப்பு என்று இருப்பது அந்த ஊரில் சாதாரணம். லிவர்பூல் ஆடும் ஆன்ஃபீல்டு அரங்கில் 1884 முதல் ஆடி வந்தது எவர்ட்டன்தான். 1891இல் தன் முதல் லீக் பட்டத்தை அது அங்கிருந்தே வென்றது. மதுபானத் தொழிலதிபரான ஜான் ஹோல்டிங்குடன் வாடகை தொடர்பாக எழுந்த தகராறில் 1892இல் எவர்ட்டன் வெளியேறி, ஸ்டான்லி பூங்காவின் மறுபக்கம் குடிசன் பார்க்கைக் கட்டிக்கொண்டது. காலியான அரங்கை வைத்துக்கொண்டு ஹோல்டிங் தொடங்கிய கிளப்தான் லிவர்பூல். எனவே லிவர்பூல் பிறப்பதற்கு முன்பே ஆன்ஃபீல்டில் பட்டம் வென்றவர்கள் நாங்கள் என்ற எவர்ட்டன் ரசிகரின் வாதத்துக்கு மறுப்பே கிடையாது. அதற்கு லிவர்பூல் ரசிகர் சொல்லும் பதில், எவர்ட்டன் கடைசியாகப் பெரிய கோப்பை ஒன்றை வென்றது 1995இல் என்பது.

2007இல் எவர்ட்டன் தடுப்பாட்டம் ஆடி ஆன்ஃபீல்டில் சமன் செய்தபோது, அதைச் சிறிய கிளப் என்று சொன்னவர் அன்றைய லிவர்பூல் மேலாளர் ரஃபேல் பெனிடெஸ். 2021இல் அவரையே எவர்ட்டன் மேலாளராக நியமித்தது! ஏழே மாதங்களில் அணி சரிந்து அவர் நீக்கப்பட்டபோது, அவர் உள்ளே அனுப்பப்பட்ட உளவாளி என்று லிவர்பூல் ரசிகர்கள் கொண்டாடினார்கள்.

60 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் பிரைட்டனும் கிரிஸ்டல் பேலஸும் எப்படிப் பகையாயின?

1976இல் இரு கிளப்புகளும் மூன்றாம் பிரிவில் ஆடின. பிரைட்டனின் ஆலன் முல்லரியும் பேலஸின் டெர்ரி வெனபிள்ஸும் டாட்டன்ஹாமில் ஒன்றாக ஆடிய காலத்திலிருந்தே ஒருவருக்கொருவர் ஆகாதவர்கள். அந்த ஆண்டு எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்றில் இரு முறை சமன் ஆகி, மூன்றாவது முறை பொது அரங்கில் மோதினார்கள். பிரைட்டன் பெனால்டியைக் கோலாக்கியது. அடிப்பதற்கு முன்பே வீரர்கள் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டார்கள் என்று நடுவர் மீண்டும் அடிக்கச் சொன்னார். இரண்டாவது பெனால்டி தடுக்கப்பட்டது. பேலஸ் 1–0 என்று வென்றது. முல்லரி சில்லறைக் காசுகளைத் தரையில் எறிந்து, பேலஸ் அந்தக் காசுக்குக்கூடப் பெறாது என்று கத்தினார். கழுகு என்று தன்னை அழைத்துக்கொண்ட பேலஸுக்கு எதிராகப் பிரைட்டன் ரசிகர்கள் தங்கள் கிளப்பைக் கடற்காகம் ஆக்கிக்கொண்டார்கள். நூற்றாண்டுப் பழமையோ தொழில் போட்டியோ எதுவுமில்லாமல், ஒரு பெனால்டியும் கொஞ்சம் சில்லறையும் கொண்டு ஒரு பகையை நிறுவ முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

சிரிப்புக்கே இடமில்லாத பகை ஏதேனும் உண்டா?

விம்பிள்டன். 1988இல் எஃப்.ஏ. கோப்பை வென்ற அந்த லண்டன் கிளப்பை, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகரத்துக்குக் கொண்டுபோக உரிமையாளர்களுக்கு 2002இல் மூவர் குழு ஒன்று அனுமதி அளித்தது. ரசிகர்கள் சில வாரங்களுக்குள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கிளப்பைத் தொடங்கி, பொதுத்திடல் ஒன்றில் வீரர் தேர்வு நடத்தி, ஒன்பதாம் அடுக்கிலிருந்து ஆட ஆரம்பித்தார்கள். 2011இல் தொழில்முறை லீகுக்கு ஏறினார்கள். 2020இல் பழைய அரங்கம் இருந்த பிளவ் லேன் தெருவுக்கே புதிய அரங்கத்தோடு திரும்பினார்கள். இடம்பெயர்ந்த கிளப் எம்.கே. டான்ஸ் என்ற பெயரில் ஆடுகிறது. அந்தப் பெயரின் பின்பாதி தங்களுடையது என்பதால், ஏ.எஃப்.சி. விம்பிள்டன் தன் ஆட்டப் புத்தகத்திலும் பலகையிலும் அதை முழுமையாக அச்சிட மறுத்தது. லீக் நிர்வாகம் ஒழுங்கு நடவடிக்கை தொடங்கிப் பிறகு கைவிட்டது.

115 என்ற எண்ணை எல்லோரும் ஏன் சிட்டியிடம் சொல்கிறார்கள்?

2023 பிப்ரவரி 6 அன்று பிரீமியர் லீக் நிர்வாகம் சிட்டிமீது நிதி விவரங்களைச் சரியாகத் தரவில்லை, விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்பன போன்ற விதிமீறல் குற்றச்சாட்டுகளை அடுக்கியது. செய்தித்தாள்கள் அவற்றை 115 என்று எண்ணின. சிட்டி எல்லாவற்றையும் மறுக்கிறது. விசாரணை 2024 செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது; 2025 முழுவதும் தீர்ப்பின்றியே கழிந்தது. இதற்கிடையில் எவர்ட்டன் ஒரே ஒரு நிதி விதியை மீறியதற்காக 2023 நவம்பரில் பத்துப் புள்ளிகளை இழந்தது. மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைக்கப்பட்டு, பிறகு இன்னொரு மீறலுக்காக இரண்டு சேர்க்கப்பட்டது. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு நான்கு புள்ளிகள் போயின. பத்துப் புள்ளி தண்டனைக்குப் பின் குடிசன் பார்க்கில் நடந்த முதல் ஆட்டத்தில் ரசிகர்கள் லீக் சின்னத்தின்மேல் ஊழல் என்று அச்சிட்ட இளஞ்சிவப்பு அட்டைகளை ஆயிரக்கணக்கில் உயர்த்திப் பிடித்தார்கள். மூன்றாவது நிமிடத்தில் யுனைடெடின் அலெஹாண்ட்ரோ கர்னாச்சோ தலைகீழாகப் பாய்ந்து உதைத்த கோல் அந்த அட்டைகளுக்கு முன்னால் விழுந்தது.

கணக்கு வழக்கைக் கொண்டு செய்யும் கேலி எனக்கு அவ்வளவு சுவைப்பதில்லை. கோலையும் சறுக்கலையும் பேச வேண்டிய இடத்தில் தேய்மானத்தையும் விளம்பர ஒப்பந்த மதிப்பையும் பேசும்படி ரசிகர்களை இந்த விதிகள் பழக்கிவிட்டன.

படம் பார்த்து முடிவைச் சரிபார்க்கும் வி.ஏ.ஆர். நடுவர் முறை வந்த பிறகு சண்டை குறைந்ததா?

கூடியது. நடுவர் தவறு செய்தால் மனிதர்தானே என்று விட்டுவிடலாம். படம் பார்த்தும் தவறு செய்தால் சதி என்று தோன்றும். 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த கோலைக் களநடுவர்கள் ஆஃப்சைடு என்று மறுத்தார்கள். படத்தைப் பார்த்த வி.ஏ.ஆர். நடுவர் அது சரியான கோல் என்று கண்டுகொண்டார். ஆனால் களத்தில் ஏற்கெனவே கோல் கொடுக்கப்பட்டுவிட்டதாக நினைத்து, சோதனை முடிந்தது என்று சொல்லிவிட்டார். தவறு புரிவதற்குள் ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டது. விதிப்படி திரும்பிப் போக வழியில்லை. கூடுதல் நேரத்தில் ஜோயல் மாட்டிப் தன் வலைக்குள்ளேயே பந்தைத் தள்ள, லிவர்பூல் 2–1 என்று தோற்றது. நடுவர் அறையின் ஒலிப்பதிவு பின்னர் வெளியிடப்பட்டது. வி.ஏ.ஆர். எப்போதும் லிவர்பூலுக்கே சாதகம் என்று பெயரையே திரித்துப் பாடி வந்தவர்களுக்கு அன்று மட்டும் குரல் அடைத்துக்கொண்டது. 2024இல் இம்முறையையே நீக்கிவிட வேண்டும் என்று உல்வ்ஸ் கிளப் முன்மொழிந்தபோது, மற்ற 19 கிளப்புகளும் எதிர்த்து வாக்களித்தன. அவற்றின் ரசிகர்களைக் கேட்டிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு.

வீரர் மாற்றம் பற்றிய செய்திகளில் எதை நம்பலாம்?

வீரர் புதிய சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம் வரும்வரை எதையும் நம்ப வேண்டியதில்லை. 2013 ஜனவரி 31 அன்று வெஸ்ட் பிராமின் பீட்டர் ஓடெம்விங்கி, தம் மாற்றம் முடிந்துவிட்டதாக எண்ணித் தாமே காரை ஓட்டிக்கொண்டு லண்டனில் உள்ள கியூ.பி.ஆர். கிளப்பின் அரங்க வாசலுக்கு வந்துவிட்டார். இரு கிளப்புகளும் விலை பேசி முடித்திருக்கவில்லை. உள்ளே விடப்படாமல் காருக்குள்ளிருந்தே அவர் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். 2015 ஆகஸ்டு இறுதியில் யுனைடெடின் கோல்காப்பாளர் டேவிட் டி கெயா ரியல் மாட்ரிட்டுக்குப் போவதற்கான ஆவணங்கள் கெடு முடிந்த பிறகே போய்ச் சேர்ந்தன. பழுதான தொலைநகல் இயந்திரத்தைப் பற்றிய கேலி அன்று பிறந்தது. அவரோ 2023 வரை யுனைடெடிலேயே இருந்தார்.

உரிமையாளர்களை எதிர்ப்பதிலும் கேலி உண்டா?

கேலிதான் அங்கே முதன்மை ஆயுதம். 2005இல் கிளேசர் குடும்பம் கடன் வாங்கி யுனைடெடை வாங்கி, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. 2010இல் ரசிகர்கள் சிவப்பை விட்டுவிட்டு, கிளப் நியூட்டன் ஹீத் என்ற பெயரில் தொடங்கியபோது அணிந்த பச்சை–பொன்னிறத் துண்டுகளை அணியத் தொடங்கினார்கள். அவ்வாண்டு மிலான் அணிக்காக ஓல்ட் டிராஃபோர்டுக்கு ஆட வந்த டேவிட் பெக்கமே அந்தத் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

நம் நாட்டோடு தொடர்புடைய கதை பிளாக்பர்னுடையது. 1995இல் லீக் பட்டம் வென்ற அந்த கிளப்பைப் புனேயைச் சேர்ந்த கோழிப்பண்ணை நிறுவனமான வெங்கீஸ் 2010 நவம்பரில் வாங்கியது. அடுத்த மாதமே மேலாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். கிளப் வீரர்கள் கோழிக்கறி தின்னும் விளம்பரமும் வந்தது. 2012 மே 7 அன்று விகனிடம் தோற்றுக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கிய ஆட்டத்தில், கிளப் கொடி போர்த்திய உயிருள்ள கோழி ஒன்றை ரசிகர்கள் களத்தில் இறக்கிவிட்டார்கள். கொட்டும் மழையில் அதைப் பிடிக்க நடந்த ஓட்டம் அன்று பிளாக்பர்னின் தாக்குதலைவிட விறுவிறுப்பாக இருந்தது.

எதிரெதிர் ரசிகர்கள் ஒன்றுசேர்ந்ததே இல்லையா?

பணத்துக்கு எதிராகச் சேர்ந்திருக்கிறார்கள். 2016 பிப்ரவரியில் 77 பவுண்டு நுழைவுச்சீட்டு அறிவிக்கப்பட்டதை எதிர்த்து, ஆன்ஃபீல்டில் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினார்கள். அப்போது 2–0 என்று முன்னிலையில் இருந்த லிவர்பூல், ஆட்டம் முடிவதற்குள் 2–2 என்று கோட்டைவிட்டது. கிளப் அந்த விலையைத் திரும்பப் பெற்றது. வெளியூர் ரசிகர்களுக்கான சீட்டின் விலை 30 பவுண்டைத் தாண்டக்கூடாது என்று பிரீமியர் லீக் கிளப்புகள் அடுத்த மாதம் ஒப்புக்கொண்டன. 2021 ஏப்ரல் 18 அன்று ஆறு ஆங்கில கிளப்புகள் ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனிக்கடை திறப்பதாக அறிவித்தபோது எதிர்ப்பு உடனே வெடித்தது. இரண்டு நாள் கழித்து மாலையில் செல்சி அரங்கின் வாசலை ரசிகர்கள் மறித்தார்கள். முன்னாள் கோல்காப்பாளர் பெட்ர் செக் கூட்டத்துக்குள் இறங்கிவந்து அவகாசம் தரும்படி மன்றாடினார். அன்றிரவுக்குள் திட்டம் கலைந்தது.

எதைச் சொல்லிக் கேலி செய்யக்கூடாது?

சாவை. 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் யுனைடெட் வீரர்கள் எட்டுப் பேர் உட்பட 23 பேர் மாண்டார்கள். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்க நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேர் இறந்தார்கள். பழியை ரசிகர்கள்மேல் சுமத்திப் பொய்ச்செய்தி வெளியிட்ட சன் நாளிதழை அந்த நகரம் இன்றும் புறக்கணிக்கிறது. இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்கள்மேல் தவறில்லை என்றும் மரண விசாரணை ஜூரி சொல்ல 2016 வரை ஆனது. இவற்றைப் பாட்டாகவும் சைகையாகவும் ஆக்கியவர்கள் இரு தரப்பிலும் இருந்திருக்கிறார்கள். 2023 முதல் இதைப் பொது ஒழுங்குக் குற்றமாகக் கருதலாம் என்று அரசு வழக்குத் தொடர்வோர் தெளிவுபடுத்தினார்கள். அவ்வாண்டு எஃப்.ஏ. கோப்பை இறுதிக்கு 97ஐ இழிவுபடுத்தும் சட்டை அணிந்து வந்த ஒருவருக்கு, நான்கு ஆண்டுகள் அரங்கங்களுக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டது.

எல்லை எது என்பதைப் பெரும்பாலான ரசிகர்கள் சட்டத்துக்கு முன்பே அறிந்திருந்தார்கள். 1989இல் குடிசன் பார்க்கிலிருந்து ஆன்ஃபீல்டு வரை பூங்காவின் குறுக்கே நீலமும் சிவப்புமான கழுத்துத் துண்டுகள் முடிச்சுப் போட்டுக் கட்டப்பட்டன. மியூனிக் விபத்தின் ஐம்பதாம் ஆண்டில் ஓல்ட் டிராஃபோர்டில் ஒரே ஊர் அணிகள் மோதிய டெர்பி ஆட்டத்துக்கு வந்த சிட்டி ரசிகர்கள் மௌன அஞ்சலியைக் குலைப்பார்கள் என்று பலர் அஞ்சினார்கள். அவர்கள் அமைதி காத்தார்கள். அந்த விமானத்தில் செய்தியாளராகச் சென்று இறந்த ஃபிராங்க் ஸ்விஃப்ட், சிட்டியின் புகழ்பெற்ற கோல்காப்பாளர். அஞ்சலி முடிந்ததும் வழக்கமான வசைகள் தொடங்கின. ஆட்டத்தைச் சிட்டி 2–1 என்று வென்றது.

ஒரு கிளப் தன் ரசிகர்களையே கேலிக்கு ஆளாக்கியது உண்டா?

சண்டர்லாந்து செய்தது. நியூகாசிலுக்கு எதிராக 2013 முதல் 2015 வரை தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வென்ற கணக்கைச் சண்டர்லாந்து ரசிகர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். 2024 ஜனவரியில் எஃப்.ஏ. கோப்பையில் நியூகாசில் அவர்கள் ஊருக்கு வந்தபோது, வெளியூர் விருந்தினருக்காக ஒதுக்கிய அரங்க மதுக்கூடத்தின் சுவர்களைக் கறுப்பு வெள்ளையில் நியூகாசிலின் முழக்கங்களால் சண்டர்லாந்து நிர்வாகமே அலங்கரிக்க விட்டது. ஆட்டத்துக்கு முன்பே படங்கள் வெளியாகி ஊரே கொதித்தது. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு, அலங்காரத்தை அவசரமாகக் கிழித்தெடுத்தது. ஆட்டத்தை நியூகாசில் 3–0 என்று வென்றது. வென்ற ரசிகர்கள் அன்று புதிதாகக் கேலி எதையும் இட்டுக்கட்ட வேண்டியிருக்கவில்லை.